லாக்ரே கிளைப்பாதை, 4 மி.மீ. அளவில்: 21 மி.மீ. பாதையா, 16.5 போதுமா?

#1 கைகாட்டி

அயர்லாந்தின் கால்வே கவுண்டியில் ஆட்டிமன் ஜங்ஷனிலிருந்து லாக்ரே வரை ஓடிய கிளைப்பாதையை அடிக்கு 4 மி.மீ. அளவில் சிறு மாதிரியாகச் செய்யத் திட்டம். 9 மைல் நீளம், நடுவில் டன்சாண்டில் என்று ஒரே ஒரு நிலையம். 1890 டிசம்பரில் திறந்தார்கள், 1975 நவம்பரில் மூடினார்கள். நான் எடுத்துக்கொண்ட காலம் 1968 முதல் 1972 வரை, சி.ஐ.ஈ. (அயர்லாந்தின் அரசுப் போக்குவரத்து நிறுவனம்) நிர்வாகம். இடம் 3 மீட்டர் நீளம், 60 செ.மீ. ஆழம். வலப்பக்கச் சுவருக்குப் பின்னால் இன்னொரு மீட்டர் மறைவாகக் கிடைக்கும். லாக்ரே முனையம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

கேள்விகள் மூன்று. பாதையை 21 மி.மீ. அகலத்தில் கையால் போடுவதா, கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. பாதையே போதுமா? எந்த எஞ்சின், எந்த நிறம்? ஒரு பயணிகள் பெட்டியும் நாலைந்து வேகனும் கொண்ட ரயிலை வைத்துக்கொண்டு ஓட்டுவதற்கு வேலை ஏதும் இருக்குமா, இல்லை வந்து நின்று திரும்பிப் போவதோடு சரியா?

#2 ஈயப்பற்று

முதல் கேள்விக்கு: 21. உங்கள் திட்டம் சின்னது என்பதால்தான் இவ்வளவு தயங்காமல் சொல்கிறேன்.

அயர்லாந்தின் பாதை அகலம் 5 அடி 3 அங்குலம், அதாவது 1600 மி.மீ. அடிக்கு 4 மி.மீ. என்றால் சரியாக 21 மி.மீ. வரும், பின்னமே கிடையாது. 16.5 மி.மீ. பாதை இந்த அளவில் 4 அடி 1½ அங்குலத்துக்குச் சமம். பிரிட்டிஷ் ரயில் (4 அடி 8½ அங்குலம்) செய்கிறவர்களுக்கு 18.83க்குப் பதில் 16.5, குறைவது 2.33 மி.மீ. அதைக் கண் மன்னித்துவிடும். அயர்லாந்துக்காரர்களுக்குக் குறைவது 4.5 மி.மீ., ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். எஞ்சினை நேர் எதிரே நின்று பார்த்தால் அகலமான உடம்புக்குக் கீழே சக்கரங்கள் ஒடுங்கிக் கிடக்கும். நம் ஊர் பிராட்கேஜை இதே அளவில் செய்தால் 22 மி.மீ. வேண்டும். அதை 16.5இல் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

முடிவெடுக்க ஒரே ஒரு கணக்குப் போடுங்கள்: எத்தனை அச்சு, எத்தனை பாயிண்ட் (பாதை பிரியும் இடம்). உங்களுக்கு எஞ்சின் ஒன்றோ இரண்டோ, போகிப் பெட்டி ஒன்று, நாலு சக்கர வேகன் பத்து, பிரேக் வேன் (கார்டு வண்டி) ஒன்று. முப்பது அச்சுக்குக் கொஞ்சம் மேலே போகும். பாயிண்ட் நாலு. இது முடிக்கக்கூடிய வேலை. இதே லிமெரிக் ஜங்ஷன் செய்கிறேன், நாற்பது பெட்டி வைத்திருக்கிறேன் என்று கேட்டிருந்தால் 16.5ஐ விட்டு அசையாதீர்கள் என்றிருப்பேன்.

#3 நாலு_மில்லி

ஈயப்பற்று சார் எப்போதும் இப்படித்தான், கேட்டவர் கையில் சால்டரிங் அயர்னைத் திணித்துவிடுவார். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டுமல்லவா?

பலகையின் ஆழம் 60 செ.மீ. பார்ப்பவர் நிற்பது பக்கவாட்டில். அங்கிருந்து தெரிவது எஞ்சினின் நீளமும் உயரமும்தான், சக்கர இடைவெளி இல்லை. மர்ஃபி மாடல்ஸின் 121, 141, 071, ஐரிஷ் ரயில்வே மாடல்ஸின் ஏ வகுப்பு ஆகிய டீசல் எஞ்சின் மாதிரிகள் எல்லாம் பெட்டியைத் திறந்ததும் 16.5இல் ஓடும். பாதை போட எடுக்கும் காலத்தில் நிலையக் கட்டடம், சிக்னல், இயற்கைக் காட்சி எல்லாம் முடிந்துவிடும்.

கடைப் பாதையை அப்படியே போடாதீர்கள், அது ஒன்று மட்டும். அதன் சிலீப்பர் கட்டைகள் குட்டையாகவும் நெருக்கமாகவும் இருக்கும். அடியில் இரண்டு கட்டைகளை இணைக்கும் பிளாஸ்டிக் பாலத்தை வெட்டிவிட்டு, ஒவ்வொரு கட்டையையும் மையத்துக்கு மையம் 10 மி.மீ. வரும்படி தள்ளி வையுங்கள். ஒரு மீட்டருக்கு 100 கட்டை. தள்ளும்போது தண்டவாளம் தளர்ந்து அகலம் மாறும், ஆகவே பசை காயும்வரை ஒரு அகல அளவியை உள்ளே விட்டு வைக்க வேண்டும். சரளையைக் கட்டையின் முனை மறையும்வரை கொட்டினால் அகலக் குறைவு பாதி மறைந்துவிடும்.

#4 ஈயப்பற்று

பக்கவாட்டு வாதம் நேர்ப் பாதைக்குச் சரி. முனையத்தில் பார்வை போய் விழும் இடம் பாயிண்ட் கூட்டம். அங்கேதான் அகலம் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று: நீங்கள் சொன்ன மாதிரிகளில் எதுவும் லாக்ரேயின் அடையாள வண்டி இல்லை. இந்தக் கிளை லைட் ரயில்வே சட்டத்தில் போட்டது, மிட்லண்ட் கிரேட் வெஸ்டர்ன் நடத்தியது. 1960களில் இங்கே பேர் பெற்றது ஜி வகுப்பு, நாலு சக்கர டாய்ட்ஸ் டீசல். 611 வரிசையில் ஏழு வண்டிகள், 1961–62இல் வந்தவை, 160 குதிரைத்திறன். பிறகு சி வகுப்பும் வந்தது. ஜி வகுப்பை எப்படியும் கிட்டாகவோ 3டி அச்சு உடலாகவோ வாங்கி, அடிச்சட்டத்தை நாமே செய்வோம். செய்வதென்று ஆனபின் 16.5க்குச் செய்வானேன்? 21இல் சக்கரங்களுக்கு நடுவே 4 மி.மீ.க்கு மேல் கூடுதல் இடம் கிடைக்கிறது, மோட்டாரும் கியர்பெட்டியும் நெரிசலில்லாமல் உட்காரும்.

#5 அளவுகோல்

கடைச் சக்கரங்களையே வெளியே தள்ளி 21இல் ஓட்ட முடியுமா? இல்லை ஈஎம், பி4 என்ற நுண்தரச் சக்கரம் வாங்கியே ஆகவேண்டுமா? ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கும் நடுவே உள்முக இடைவெளி எவ்வளவு வைப்பது?

#6 ஈயப்பற்று

முடியும். ஆனால் முதலில் எண்களை விளங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கிராசிங்கில் தடம்புரளும்போது காரணம் தெரியாது.

ஈஎம் தரத்தில் பாதை 18.2, சக்கர உள்முக இடைவெளி 16.5. வித்தியாசம் 1.7. அதையே 21இலிருந்து கழித்தால் 19.3. பி4 தரத்தில் 18.83க்கு 17.75, வித்தியாசம் 1.08, ஆக 21க்கு 19.92. ஈஎம் விளிம்போடு 19.3 என்பதுதான் நான் பரிந்துரைப்பது. பி4 விளிம்பு மெல்லியது, பார்க்க அழகு. ஆனால் எல்லா வண்டிக்கும் ஸ்பிரிங்கோ ஆடும் அச்சோ வைக்காமல் அது ஓடாது.

இனி பாயிண்ட். கிராசிங் மூக்கிலும் (தண்டவாளங்கள் குறுக்கிடும் முனை) செக் தண்டவாளத்திலும் (சக்கரத்தை உள்ளிருந்து வழிநடத்தும் துணைத் தண்டவாளம்) சக்கர விளிம்பு போகும் இடுக்கு 1.0 மி.மீ. என்று வைத்தால் இரண்டு எல்லை உருவாகும். எதிரெதிர் இடுக்குகளின் உட்புறத்துக்கு இடையே 21 − 1 − 1 = 19.0. சக்கரத்தின் உள்முக இடைவெளி இதைவிடக் குறைந்தால் சக்கரம் செக் தண்டவாளத்தில் இறுகி மேலே ஏறும். அடுத்தது செக் தண்டவாளத்திலிருந்து மூக்கு வரை 21 − 1 = 20.0. உள்முக இடைவெளியோடு ஒரு விளிம்பின் தடிமனைக் கூட்டினால் இந்த 20.0ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் விளிம்பு நேராக மூக்கில் போய் மோதும். 19.3 வைத்த ஈஎம் சக்கரம் இரண்டுக்கும் நடுவே வசதியாக நிற்கிறது.

கடைச் சக்கரத்தின் விளிம்பு சுமார் 0.75 மி.மீ. தடிமன். அதை 19.3இல் வைத்தால் 20.05, மூக்கில் தட்டும். 19.1இல் வைத்தால் 19.85, போகும். ஆகவே கடைச் சக்கரத்துக்கு 19.1, ஈஎம் சக்கரத்துக்கு 19.3. இரண்டும் ஒரே பாயிண்ட்டில் ஓடும். 0.1 மி.மீ. இங்கே பெரிய விஷயம், எனவே பிளாஸ்டிக் ஸ்கேல் வேண்டாம், வெர்னியர் காலிப்பர்தான்.

#7 அளவுகோல்

தெளிவாகிவிட்டது, நன்றி. அச்சு நீளம்? வேகனுக்கு வரும் 26 மி.மீ. கூர்முனை அச்சு போதாதா?

#8 ஈயப்பற்று

பெரும்பாலும் போதாது. ஈஎம் சக்கரப் பட்டையின் அகலம் 2.28. 19.3ஓடு இரண்டு பட்டையைக் கூட்டினால் 23.86. 26இலிருந்து கழித்துப் பாதியாக்கினால் ஒரு பக்கம் 1.07 மி.மீ. மிச்சம். அதற்குள் பித்தளைக் குப்பித் தாங்கியும் அதைப் பிடிக்கும் அச்சுக்காவல் தகடும் அடங்கவேண்டும், சக்கரம் உரசாமல். அடங்காது. 28 மி.மீ. அச்சு போட்டால் பக்கத்துக்கு 2.07 கிடைக்கும். அதற்கேற்ப அச்சுக்காவல்களை வெளியே நகர்த்த வேண்டும். பிளாஸ்டிக் கிட் என்றால் அவற்றை வெட்டியெடுத்துப் பித்தளைத் தகட்டில் மடிக்கும் வகையைப் பொருத்துங்கள். இரண்டில் ஒன்று ஆடும் வகையாக இருக்கட்டும்.

கடையில் வாங்கிய போகி டீசலை மாற்றுவதானால் முதலில் போகிப் பக்கச்சட்டங்களின் உள்முக இடைவெளியை அளந்து பாருங்கள். கடைச் சக்கரப் பட்டை 2.8 மி.மீ. 19.1 + 5.6 = 24.7. பக்கத்துக்குக் கால் மி.மீ. இடம் விட்டால் 25.2 வேண்டும். இல்லையென்றால் சட்டத்தின் உட்புறத்தைச் சுரண்ட வேண்டும், அல்லது மெல்லிய சக்கரத்துக்கு மாற வேண்டும்.

ஒவ்வொரு சக்கரமும் சுமார் 2.35 மி.மீ. வெளியே போகிறது. பழைய அச்சிலேயே இழுத்து வைத்தால் பிடிமானம் போய்விடும், இரண்டு நாளில் சக்கரம் கோணும். அதே விட்டத்தில் சில்வர் ஸ்டீல் கம்பி வாங்கிப் புது அச்சு வெட்டுங்கள். வெட்டிய முனையை அரத்தால் சரித்துவிட வேண்டும், பிசிறு இருந்தால் பிளாஸ்டிக் கியரைக் கிழிக்கும். மின்சாரம் எடுக்கும் தகடுகளையும் அதே தூரம் வெளியே வளைக்க மறக்காதீர்கள். மாற்றிய எஞ்சின் ஓடவில்லை என்று வரும் புகார்களில் முக்கால்வாசி இதுதான்.

#9 பழைய_கார்டு

அகலச் சண்டை நடக்கட்டும். அந்த நாட்டில் அது 1840களிலேயே தொடங்கிய சண்டை. டப்ளின்–கிங்ஸ்டவுன் 1834இல் 4 அடி 8½ அங்குலத்தில் திறந்தது. அல்ஸ்டர் ரயில்வே 6 அடி 2 அங்குலம் போட்டது. டப்ளின்–ட்ரோஹெடா 5 அடி 2 என்றது. வணிக வாரியத்தின் ஜெனரல் பாஸ்லி எல்லாரிடமும் கேட்டு நடுவாக ஒரு எண்ணைச் சொன்னார், 5 அடி 3. 1846 சட்டம் அதை உறுதியாக்கியது. யாருக்கும் சொந்தமில்லாத எண் என்பதால் யாரும் தோற்கவில்லை.

கைகாட்டி கேட்ட மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. ஓட்ட வேலை இருக்குமா என்றார். ஏராளமாக இருக்கிறது.

லாக்ரேயில் ஓடியது கலப்பு ரயில். பயணிகளும் சரக்கும் ஒன்றாக. 1889 ஜூன் 12 அன்று ஆர்மா அருகே சுற்றுலா ரயில் ஒன்றை ஏற்றத்தில் பிரித்தார்கள். பின்பாதி தானாக இறங்கிப் போய் அடுத்த ரயிலில் மோதியது. சுமார் 80 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டே வந்த சட்டம் பயணிகள் ரயிலுக்குத் தொடர் பிரேக்கைக் கட்டாயமாக்கியது. அதன் விளைவாகக் கலப்பு ரயிலுக்குப் பொதுவிதி இப்படி: பயணிகள் பெட்டி எஞ்சினை ஒட்டி, வாக்குவம் குழாய் இணைத்தபடி. பிரேக் குழாய் இல்லாத வேகன்கள் அதற்குப் பின்னால். கடைசியில் பிரேக் வேன்.

இப்போது முனையத்தில் என்ன ஆகிறது என்று பாருங்கள். இடப்பக்கம் முட்டு, வலப்பக்கம் ஆட்டிமன். ரயில் வந்து நிற்கும்போது இடமிருந்து வலம்: எஞ்சின், பெட்டி, வேகன்கள், வேன். எஞ்சின் முன்னால் நகர்ந்து லூப் (இணைப் பாதை) வழியே சுற்றி வலப்பக்கம் வந்துவிட்டது. திரும்பிப் போக வேண்டிய வரிசை இடமிருந்து வலம்: வேன், வேகன்கள், பெட்டி, எஞ்சின். அதாவது ரயில் முழுவதும் தலைகீழாகவேண்டும். ஒரு மூட்டை இறக்காவிட்டாலும் ஷண்டிங் செய்தே தீரவேண்டும்.

வழி இது. பெட்டியை பிளாட்பாரத்திலேயே விட்டுவிட்டு வேகன்களையும் வேனையும் வலப்பக்கம் இழுத்து லூப்பில் தள்ளு. வேனை மட்டும் கழற்றிக்கொண்டு வந்து சரக்கு சைடிங்கில் விடு. லூப்புக்குப் போய் வேகன்களை எடுத்து சைடிங்கில் வேனோடு சேர். எல்லாவற்றையும் வெளியே இழுத்து மறுபடி லூப்பில் விடு. பிளாட்பாரம் போய்ப் பெட்டியை எடுத்து வந்து லூப்பில் அவற்றோடு சேர். மொத்தமாக இழுத்து பிளாட்பாரத்தில் தள்ளு. முடிந்தது. இடையில் ஏற்றியிறக்க வேகன் இருந்தால் இன்னும் சுவை கூடும்.

#10 கைகாட்டி

பழைய_கார்டு ஐயா, காகிதத்தில் துண்டுகள் வைத்து நகர்த்திப் பார்த்தேன், வரிசை சரியாக வருகிறது. வலப்பக்கக் கழுத்துக்கு (பாதைகள் ஒன்றாகும் இடம்) அப்பால் எவ்வளவு நீளம் விடவேண்டும்?

#11 பழைய_கார்டு

ஜி எஞ்சினுக்கு 90 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 அடிப் பெட்டி 240 மி.மீ., பஃபரோடு 250. வேகன் ஒன்றுக்கு 80. வேன் 90. ஐந்து வேகன் என்றால் முழு ரயில் 830. கடைசி நகர்த்தலில் முழு ரயிலும் கழுத்தைத் தாண்டி வெளியே போகும். மாதிரி மேடையில் அவ்வளவு இடம் இல்லை என்றால் மறைவு யார்டுக்குள் விட்டு இழுங்கள், தவறில்லை. உண்மையிலும் அது வெளிப் பாதைதானே. ஆனால் லூப்பின் பயன்படு நீளம் 700க்குக் குறையக்கூடாது. அதற்குள் பெட்டியும் ஐந்து வேகனும் வேனும் நிற்க முடியாது. வேகனை நாலாக்கினால் 250 + 320 + 90 = 660, உட்காரும்.

நிலையத்தின் உண்மை அமைப்புக்கு 1:2500 அளவில் உள்ள அயர்லாந்து நில அளவை வரைபடத்தைப் பாருங்கள். அதில் 1 செ.மீ. என்பது தரையில் 25 மீட்டர், உங்கள் மேடையில் 328 மி.மீ. 3 மீட்டர் பலகை தரையில் 228 மீட்டர்தான், எனவே எதையாவது சுருக்கியே ஆகவேண்டும். பிளாட்பாரத்தைச் சுருக்குங்கள், லூப்பை வேண்டாம்.

#12 யாழ்தேவி_ரசிகர்

எஞ்சின் நிறத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை, அதைச் சொல்லிப்போட்டுப் போறன்.

சி வகுப்பு 34 வண்டி, மெட்ரோபொலிட்டன்-விக்கர்ஸ் 1957–58இலை செய்தது. உள்ளுக்கை கிராஸ்லி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், 550 குதிரைத்திறன். பெரிய அண்ணன் ஏ வகுப்பு 60 வண்டி, 1955–56, கிராஸ்லி 1200. புகை, அதிர்வு, எண்ணெய்க் கசிவு எல்லாம் சேர்ந்த எஞ்சின். இதே குடும்பம்தான் பிரிட்டனிலை வகுப்பு 28ஐயும் மேற்கு ஆஸ்திரேலியாவிலை எக்ஸ் வகுப்பையும் படுத்தியது. ஏ வகுப்புக்கு 1968–71இலை ஜெனரல் மோட்டார்ஸ் 645 எஞ்சின் போட்டினம். சி வகுப்புக்கும் அந்தக் காலத்திலைதான் தொடங்கினது, ஆனா கனவருசம் இழுபட்டது.

உங்கடை 1968–72 இந்த மாற்றத்துக்கு நடுவிலை விழுது, அதுதான் கவனம். எண்ணைப் பாருங்கோ: எஞ்சின் மாத்தின ஏ வண்டிக்குப் பின்னாலை ஆர் சேரும், ஏ39 என்டால் ஏ39ஆர். மாத்தின சி வண்டி பி ஆகும், சி215 என்டால் பி215. 1972க்குப் பிறகு எழுத்தே இல்லை, 039, 215. சத்தச் சிப் போடுற ஆள் என்டால் சி எண்ணுக்குக் கிராஸ்லிச் சத்தம், பி எண்ணுக்கு ஜி.எம். சத்தம். மாறிப் போட்டால் தெரிஞ்ச ஆக்கள் சிரிப்பினம்.

பக்கக் குறிப்பு ஒண்டு: 121, 141 வகுப்புகளிலை இருக்கிற 567 எஞ்சின் எங்களுக்குப் பழக்கமானது. இலங்கையிலை ஓடின கனடா எம்2 வண்டியளிலையும் அதே 567தான், அங்கை 12 சிலிண்டர், அயர்லாந்திலை 8.

#13 கறுப்பும்_பழுப்பும்

நிறத்தைத் தொடர்கிறேன். மெட்ரோவிக் வண்டிகள் (ஏ, சி வகுப்புகள்) வந்தபோது அலுமினிய வெள்ளி நிறம். கிராஸ்லிப் புகையிலும் பிரேக் தூசியிலும் அது கழுவ முடியாமல் அசிங்கமாகிவிட, 1950களின் முடிவில் பச்சைக்குப் போனார்கள். 1960களின் தொடக்கத்தில் கறுப்பு, பிறகு கறுப்பும் பழுப்பும். 1972இல் சூப்பர்டிரெயின் பெட்டிகளோடு ஆரஞ்சு வந்தது. உங்கள் காலத்துக்கு எஞ்சினும் பெட்டியும் கறுப்பு–பழுப்பு. 1972இன் ஆரஞ்சை ஒரு கிளைப்பாதையில் கொண்டுவந்து நிறுத்த அவசரப்படாதீர்கள்.

சின்னம் விஷயத்தில் நிறையப் பேர் சறுக்குவார்கள். பறக்கும் நத்தை என்று கிண்டலாகச் சொல்லும் பழைய சின்னம் 1964ஐ ஒட்டிப் போய், உடைந்த சக்கரம் வந்தது. எஞ்சினுக்கும் பெட்டிக்கும் உடைந்த சக்கரம் போடுங்கள். வேகன்களில் நத்தை இன்னும் சில காலம் இருந்தது, எனவே இரண்டொரு பழைய வேகனில் மங்கலாக விடலாம்.

வேகனுக்கு முக்கியமான ஒன்று: பிரிட்டிஷ் பழக்கத்தில் அடிச்சட்டத்தைக் கறுப்பாக்காதீர்கள். சி.ஐ.ஈ. வேகன்களில் உடலும் அடிச்சட்டமும் ஒரே நிறம். 1970 வரை சாம்பல், அதை ஒட்டிப் பழுப்பு வரத் தொடங்கியது. பத்து வேகனில் இரண்டை மட்டும் புதுப் பழுப்பாக வைத்தால் ஆண்டு தானே தெரிந்துவிடும்.

நீராவி எஞ்சின் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். சி.ஐ.ஈ. 1963இலேயே நீராவியை முடித்துவிட்டது. ஜே15 எவ்வளவு அழகானாலும், சங்கத்தார் நடத்தும் சிறப்பு ரயில் என்ற சாக்கு இல்லாமல் அது உங்கள் மேடைக்கு வர முடியாது.

#14 கைகாட்டி

21 என்று முடிவு செய்துவிட்டேன். நாலு_மில்லி மன்னிக்கவும். ஈயப்பற்று சார், பாதை போடும் முறையைச் சொல்லுங்கள். எவ்வளவு பொருள் வாங்குவது?

#15 நாலு_மில்லி

மன்னிப்பெல்லாம் எதற்கு. ஜி வகுப்பு என்றதுமே என் வாதம் பாதி போய்விட்டது. ஒரு வேகனை மட்டும் முதலில் மாற்றி, ஒரு பாயிண்ட் மட்டும் கட்டி, அது தள்ளும்போதும் இழுக்கும்போதும் நிற்கிறதா என்று பார்த்த பிறகு மற்றதை வாங்குங்கள். இல்லாவிட்டால் நாலு பாயிண்ட்டும் ஒரே தவறோடு நிற்கும்.

#16 ஈயப்பற்று

அவர் சொன்னது சரி.

பிளாட்பாரப் பாதை, லூப், சைடிங், ஷெட் பாதை எல்லாம் சேர்த்து சுமார் 5.7 மீட்டர். தண்டவாளம் அதைப் போல் இரண்டு மடங்கு, செக் தண்டவாளமும் வீணாவதும் சேர்த்து 13 மீட்டர் வாங்குங்கள். கோடு 75 புல்ஹெட் வகைத் தண்டவாளம் போதும். செம்புப் பூச்சுச் சிலீப்பர் பட்டை 1.6 மி.மீ. தடிமன். 8 அடி 6 அங்குலக் கட்டை என்று எடுத்துக்கொண்டால் 34 மி.மீ. நீளம், 3.3 மி.மீ. அகலம். நேர்ப்பாதைக்கு சுமார் 470 துண்டு. பாயிண்ட்டுக்கு 4 மி.மீ. அகலப் பட்டை, ஒரு பாயிண்ட்டுக்கு 25 துண்டு என்று வையுங்கள். கட்டையின் நீளத்தில் சந்தேகம் இருந்தால் நேர் எதிரே எடுத்த படத்தில் தண்டவாள இடைவெளியை 1600 என்று வைத்து விகிதம் போட்டுப் பாருங்கள்.

வரைபடம்: பாதை வரையும் மென்பொருளில் அகலத்தை 21, இடுக்கை 1.0 என்று கொடுத்து 1க்கு 6 கிராசிங்கோடு அச்செடுங்கள். 16.5 வரைபடத்தை 127 சதவீதம் பெரிதாக்கினால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அகலத்தோடு இடுக்கும் கட்டைகளும் பருத்துவிடும்.

கட்டைகளை இரட்டைப் பக்க டேப்பால் வரைபடத்தின் மேல் ஒட்டுங்கள். ஒட்டும் முன்பே ஒவ்வொன்றின் நடுவிலும் செம்பை முக்கோண அரத்தால் அறுத்துவிடுங்கள், மீட்டரில் இரண்டு பாதியும் தொடர்பில்லை என்று பார்த்த பிறகே ஒட்டுவது. பாதை முடிந்தபின் ஷார்ட் தேடுவதைப்போல் எரிச்சலான வேலை கிடையாது. முதல் தண்டவாளத்தை எல்லாக் கட்டையிலும் பற்றவையுங்கள். இரண்டாவதை அகல அளவி வைத்து, வரிசையாக அல்லாமல் ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது என்று தாவித் தாவி. வரிசையாகப் போனால் சூட்டில் நீண்ட தண்டவாளம் ஆறும்போது சுருங்கி வளையும், கட்டை செம்போடு உரிந்து வரும். 145 டிகிரி ஈயம், பாஸ்பாரிக் அமில ஃப்ளக்ஸ், 50 வாட் அயர்ன். அன்றைக்கே வெந்நீரில் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். மறுநாள் பார்த்தால் பச்சை பூத்திருக்கும்.

வளைவில் மூன்று கால் அளவி பயன்படுத்தினால் இரண்டு கால் உள்ள பக்கம் வெளித் தண்டவாளத்தில் இருக்கவேண்டும். அப்போதுதான் அகலம் சற்றுக் கூடும். திருப்பி வைத்தால் குறையும், நீளமான வண்டி அங்கேயே இறுகி நிற்கும். 900 மி.மீ. ஆரத்துக்குக் கீழே போகவேண்டாம்.

அளவி கிடைக்கவில்லை என்றால் ஒரு குறுக்குவழி உண்டு. 7 மி.மீ. அளவில் 3 அடி நேரோ கேஜும் சரியாக 21 மி.மீ.தான், அதற்கான அளவிகள் பொருந்தும். ஆனால் அகலத்துக்கு மட்டும். அதில் இருக்கும் செக் தண்டவாள வெட்டு 7 மி.மீ. சக்கரத்துக்கானது. அந்த இடுக்கை 1.0 மி.மீ. தகட்டுத் துண்டு வைத்துத் தனியாக அமையுங்கள்.

#17 டோனிகல்

நேரோ கேஜ் பேச்சு வந்ததால் ஒரு சின்னச் சந்தேகம். டோனிகல் மாதிரி 3 அடிப் பாதையை 4 மி.மீ. அளவில் செய்ய?

#18 ஈயப்பற்று

12 மி.மீ. டிடி பாதை. அல்லது அடிக்கு 5.5 மி.மீ. அளவுக்கு மாறினால் 16.5 பாதையே துல்லியமான 3 அடி. எஞ்சின் அடிச்சட்டங்கள் கடையிலேயே கிடைக்கும், உடல்தான் செய்ய வேண்டும். தனி இழை தொடங்குங்கள், இங்கே வேண்டாம்.

#19 அளவுகோல்

ஜி வகுப்பு நாலே சக்கரம். பாயிண்ட்டில் நின்றுவிடாதா?

#20 ஈயப்பற்று

நிற்கும், கவனிக்காவிட்டால். நாலு சக்கரமும் விறைப்பாக இருந்தால் எந்த நேரமும் மூன்றுதான் தண்டவாளத்தைத் தொடும். ஒரு அச்சை நடுவில் ஒரு கம்பியின் மேல் தாங்கி, இருபக்கமும் அரை மி.மீ. ஆடவிடுங்கள். மோட்டார் மற்ற அச்சை ஓட்டட்டும். இரண்டு அச்சும் ஓடவேண்டும் என்றால் கியர்பெட்டி ஆடும் அச்சோடு சேர்ந்து ஆடவேண்டும், அது வேறு தலைவலி. கிராசிங்குக்கு மின்சாரம் கொடுத்து, பாயிண்ட் மாறும்போது மின்முனையும் மாறும்படி சுவிட்ச் வையுங்கள். டி.சி.சி. (டிஜிட்டல் கட்டுப்பாடு) என்றால் நிலைப்பு மின்தேக்கி ஒன்றுக்கும் உடலில் இடம் ஒதுக்குங்கள். மிச்ச இடமெல்லாம் ஈயம், ஓட்டும் அச்சின் மேலே அதிகம்.

வேகனுக்கும் எடை வேண்டும். அச்சுக்கு 25 கிராம், நாலு சக்கர வேகனுக்கு 50. குறைந்தால் பழைய_கார்டு சொன்ன தள்ளல் வேலையில் முதலில் தடம்புரள்வது காலி வேகன்தான்.

#21 பழைய_கார்டு

மூன்று வளையச் சங்கிலி இணைப்பு போடுவதானால் பஃபர்களில் ஸ்பிரிங் வையுங்கள். தள்ளும்போது வளைவில் பஃபர் பூட்டிக்கொள்ளும். கடை இணைப்புக் கொக்கிகள் ஷண்டிங்குக்கு வசதி, ஆனால் கையால் கட்டிய 21 பாதையில் அவற்றைப் பார்க்க மனம் ஒப்பாது.

குளிர்காலம் காட்டுவதானால் நினைவிருக்கட்டும், சி.ஐ.ஈ. டீசல்களில் பெட்டியைச் சூடாக்கும் கொதிகலன் கிடையாது. தனியாகக் கொதிகலன் வேன் ஒன்று பெட்டியோடு ஒட்டி வரவேண்டும். 660 ஆன கணக்கில் இன்னும் ஒரு வண்டி கூடும், ஒரு வேகனைக் குறைத்துவிடுங்கள். கோடை என்றால் பிரச்சினையே இல்லை.

#22 கைகாட்டி

கோடை. மறைவு யார்டுக்கு என்ன செய்வது? அங்கே பாயிண்ட் கட்ட இடமில்லை.

#23 ஈயப்பற்று

பாயிண்ட் வேண்டாம், தட்டு போதும். 9 மி.மீ. பிளைவுட்டில் 60 மி.மீ. அகலம், 750 மி.மீ. நீளம் வெட்டி, அதன் மேல் செம்புப் பட்டையில் 21 பாதை. இப்படி மூன்று. எஞ்சினுக்குத் தனியாக 200 மி.மீ. தட்டு இரண்டு. ரயில் ஆட்டிமன் பக்கம் போய்ச் சேர்ந்ததும் எஞ்சின் தட்டைத் தூக்கி மறுமுனையில் வைத்தால் சுற்றும் வேலை முடிந்தது. வண்டி வரிசையை மாற்ற, வேன் முதல் பெட்டிவரை கையால் அடுக்குங்கள், மறைவில் நடப்பதைக் கேட்க யாரும் இல்லை.

மேடையில் தண்டவாளம் முடியும் இடத்தில் இரண்டு பித்தளைத் திருகை இறக்கித் தண்டவாளத்தை அவற்றின் தலையில் பற்றவையுங்கள், தட்டின் முனையிலும் அப்படியே. இல்லையென்றால் சட்டைக்கை பட்ட முதல் நாளே தண்டவாளம் பெயரும். இணைப்புக்கு வெளிப்பக்கம் பித்தளைக் குழாயும் அதற்குள் ஓடும் கம்பியும் போதும், மின்சாரமும் அதன் வழியே போகும். தட்டின் இரு ஓரத்திலும் 15 மி.மீ. உயரக் கட்டை அடியுங்கள், தூக்கும்போது சாய்ந்தால் வண்டி தரையில் விழாது.